ஒளிக்கு வாய் கொடுத்த உலோகம்

திருவள்ளூர் வட்டாரத்தில் டென்ட்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். திரையில் சிவாஜி வாயசைப்பார், வசனம் கேட்காது. 'சவுண்டு!' என்று கூச்சல் கிளம்பும். ஆபரேட்டர் புரொஜெக்டருக்குள் ஒரு சின்ன பல்பை மாற்றுவார். குரல் திரும்பி வரும். அது எக்சைட்டர் பல்பு. அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தது, ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோசெல்.

அதன் பூர்வீகம் ஜெர்மனி. புற ஊதா ஒளி பட்டால் மின்பொறி எளிதாகத் தாவுவதை 1887இல் ஹெர்ட்ஸ் கண்டார். மறு ஆண்டு ஹால்வாக்ஸ், எதிர்மின்னூட்டம் ஏற்றிய துத்தநாகத் தகட்டின் மேல் ஆர்க் விளக்கொளியைப் பாய்ச்சினார், மின்னூட்டம் வடிந்தது. நடுவில், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியை வைத்தால் வடிவது நின்றது.

காரணத்தை 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னார். ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலம் தனியாகவே ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளியாக வேண்டும். துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல் சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகபட்சம் 3.1தான். விளக்கை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் துத்தநாகம் அசையாது.

பிடி தளர்ந்த உலோகம் வேண்டியிருந்தது. எல்ஸ்டர், கைட்டல் என்ற இரு பள்ளி ஆசிரியர்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் காற்றில்லாக் கண்ணாடிக் குமிழில் அடைத்துப் பார்த்தார்கள். அவற்றின் வெளியேற்று ஆற்றல் சுமார் 2.3, சீசியத்துக்கு 2.1. இந்தச் சீசியம் 28.5 டிகிரியிலேயே உருகிவிடும். திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூர் கோடையில் நிழலில்கூடத் திடமாக இருக்காது. காற்றுப் பட்டால் தீப்பற்றும். 1930ஐ ஒட்டி, வெள்ளி, ஆக்சிஜன், சீசியம் மூன்றும் சேர்ந்த மெல்லிய படலம் வந்தது. அதற்கு அகச்சிவப்பே போதும். எக்சைட்டர் பல்பின் இழை அதிகம் உமிழ்வதும் அகச்சிவப்பைத்தான்.

படச்சுருளின் ஓரத்தில், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில், குரல் அலைக்கோடாகப் பதிந்திருக்கும். விநாடிக்கு 456 மில்லிமீட்டர் வேகத்தில் சுருள் ஓட, கோட்டுக்கேற்ப ஒளி கூடிக் குறையும், எலக்ட்ரான்களும் கூடிக் குறையும், ஒலிபெருக்கி பேசும். கலர் படத்தின் சாயங்களுக்குள் அகச்சிவப்பு தடையின்றிப் புகுந்துவிடும். அதனால் பிரிண்டில் ஒலிப்பட்டையில் மட்டும், அகச்சிவப்பைத் தடுக்கும் வெள்ளியை விட்டுவைத்தார்கள். ஒரு சின்னக் குமிழுக்காக லேபரட்டரியே வேலைமுறையை மாற்றிக்கொண்டது!

பின்னாளில் சிலிக்கான் செல் அதன் இடத்தைப் பிடித்தது. டிஜிட்டல் வந்தபின் படச்சுருளே போய்விட்டது. மூடிக் கிடக்கும் தியேட்டர்களில் பழைய புரொஜெக்டர் இருந்தால், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் இந்த ஒளிமின் விளைவைப் புத்தகத்தில் படிக்கிறார்கள். அதைக் காதாலும் கேட்கட்டும்.