சுண்ணாம்பு நீர் மிகைவரவு (பவளத்தொட்டி)

வீட்டுப் பவளத்தொட்டியில் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசல் அளவுக்கு மீறிக் கலப்பதால் நேரும் திடீர் வேதிச்சிக்கல். கல்பவளங்கள் கூடு கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் எடுத்துக்கொள்வதால், ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டவிடுவது வழக்கம். நிறைவுற்ற கரைசலின் பிஎச் சுமார் 12.4, கடல்நீரின் பிஎச் 8.1 அளவே. இந்தச் சொட்டலைக் கட்டுப்படுத்தும் மிதவை சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஓரிரவிலேயே பல லிட்டர் இறங்கிவிடும்.

பிஎச் ஏறியதும் பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து வெண்படிவாகிறது. தொட்டி பால்போல் கலங்கும். கண்ணை மிரட்டும் இக்கலங்கலைவிட ஏறிய பிஎச்சே உயிர்களுக்குக் கொடியது. தொட்டியில் அம்மோனியம் இருந்தால் அதுவும் நச்சு அம்மோனியாவாக மாறும்.

முதலில் கரைசல் வரத்தை நிறுத்த வேண்டும். பம்புகளை நிறுத்தக்கூடாது, காற்றோட்டம் உள்ளே கொண்டுவரும் கார்பன் டைஆக்சைடு பிஎச்சை இறக்கும். பிஎச் 8.5-ஐ வெகுவாகத் தாண்டியிருந்தால், இனிப்போ வாசனையோ சேராத சோடாவை நீரோட்டம் மிகுந்த இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கலாம். வினிகரும் பிஎச்சைக் குறைக்கும். ஆனால் அதை உண்டு பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்பதால் சோடாவே மேல். கூடவே, உப்புத்தன்மையும் வெப்பமும் ஒத்த புதுக் கடல்நீரால் ஒரு பகுதியை மாற்றுவது நன்று. சுண்ணாம்புக் கரைசலோடு நன்னீரும் மிகுதியாகச் சேர்ந்திருப்பதால் உப்புத்தன்மையைச் சோதிக்க மறக்கக்கூடாது.

கலங்கல் தெளிந்தபின் கால்சியமும் காரத்தன்மையும் தாழ்ந்திருக்கக்கூடும். அவற்றை ஒரே நாளில் உயர்த்துவது பவளங்களுக்கு இரண்டாவது அடி. சில நாட்களில் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.