ஒரே பந்தி, ஒரே பாய்

ரூம்மேட், கிளாஸ்மேட், டீம்மேட்... ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்! அந்த 'மேட்'டைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே சாப்பாடு இருக்கு மக்களே. வட ஜெர்மனிக் கடலோரத்துப் பழைய மொழியில 'கெமாட்டெ'ன்னா கூட உட்கார்ந்து சாப்பிடுறவன். ஆங்கிலத்துல கறிக்குச் சொல்ற 'மீட்' இதுக்குச் சொந்தக்காரச் சொல். அந்தக் காலத்துல 'மீட்'னா எந்த உணவும்தான். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயி, மாலுமிகள் வாயில ஷிப்மேட், மெஸ்மேட்னு ஊறிப்போச்சு. நம்ம ஊர்ல சொன்னா, ஒரே பந்திக்காரன்.

பந்தின்னா சும்மா இல்லை. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல ரெண்டு பீரங்கிக்கு நடுவுல ஒரு மேஜைப்பலகை தொங்கும். அதைச் சுத்தி ஆறு பேர், எட்டு பேர். யார் எந்த வேலை செய்யணும்னு அதிகாரி முடிவு பண்ணுவார். ஆனா யாரோட உட்கார்ந்து சாப்பிடணும்ங்கிறதுல மட்டும் மாலுமிக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ஒத்து வரலைன்னா அனுமதி வாங்கிட்டு வேற பந்திக்கு மாறிக்கலாம். (நமக்கு டீம் மாத்தச் சொல்லிக் கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க :-))

பங்கு பிரிக்கிறதுல சண்டை வராம இருக்க ஒரு முறை வச்சிருந்தாங்க. ஒருத்தர் முதுகைக் காட்டித் திரும்பி நிப்பார். இன்னொருத்தர் ஒரு பங்கைத் தொட்டுக் காட்டி, இது யாருக்குன்னு கேட்பார். திரும்பி நிக்கிறவர் பார்க்காமலே ஒரு பேரைச் சொல்வார். அந்தப் பங்கு அவருக்கு. 1789-ல பவுன்ட்டி கப்பல்ல கலகம் நடந்து, கேப்டன் பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகுல இறக்கி விட்டுட்டாங்க. வழியில ஒருத்தரைத் தீவுவாசிகள் கொன்னுட்டாங்க. மே மாசக் கடைசியில, புறா அளவுக்கு இருக்கிற ஒரு கடல்பறவை கையில சிக்குச்சு. அதைக் குடல், எலும்போட 18 பங்கு வச்சாங்க. இந்த முறையிலதான் பிரிச்சாங்க. கேப்டனுக்குத் தனிப் பங்கு கிடையாது. ஜூன் மாசம் திமோர் போய்ச் சேர்ந்தப்போ அந்த 18 பேரும் உயிரோட இருந்தாங்க. பிளை நல்லவரா கெட்டவரான்னு இன்னும் சண்டை போடுறாங்க. எனக்கு அந்தப் பறவை போதும்.

பிரெஞ்சுக்காரன் கதை வேற. மாலுமிக்கு அவன் சொல்ற 'மத்லோ', டச்சு மொழியோட 'மத்தெனோட்'டிலிருந்து வந்ததுன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. அர்த்தம், பாய்த்தோழன். ஒருத்தன் காவலுக்குப் போனா அவன் எழுந்த பாயில இன்னொருத்தன் படுப்பான். இதை வலைத்தொட்டில் கதையா நிறைய பேர் சொல்றாங்க. அது சரியில்லை. 1492-க்கு அப்புறம் கரீபியன் மக்கள்கிட்டதான் ஐரோப்பியர்கள் வலைத்தொட்டிலைப் பார்த்தாங்க. சொல் அதுக்கும் முந்தினது. இல்லை, இதுவும் நார்ஸ் மொழியிலிருந்து வந்த சாப்பாட்டுத்தோழன்தான்னு வாதாடுறவங்களும் உண்டு. பாயா சோறான்னுதான் தகராறு!

வேடிக்கை என்னன்னா, பிரெஞ்சு 'மத்லோ' திரும்ப டச்சுக்குப் போயி 'மத்ரோஸ்' ஆச்சு. அதையே ரஷ்யாக்காரன் இன்னிக்கும் 'மத்ரோஸ்'னு சொல்றான்.

17ஆம் நூற்றாண்டுல கரீபியன் கடல்கொள்ளையர் இந்தச் சொல்லை இன்னும் ஒரு படி மேல கொண்டுபோனாங்க. ரெண்டு பேர் சேர்ந்து 'மத்லோ' ஆனா சம்பாத்தியம் பொது. ஒருத்தன் செத்தா சொத்து மத்தவனுக்கு. அவங்களோடவே இருந்த எக்ஸ்கெமெலின் 1678-ல வெளியான புத்தகத்துல இந்த ஏற்பாட்டைப் பத்திச் சொல்லியிருக்கார். ஊரும் உறவும் இல்லாதவனுக்கு அதுதான் வாரிசுச் சட்டம். நம்ம 'பங்காளி'தான், ஆனா ரத்தம் வேண்டாம்.

இதே காலத்துல கப்பலோட அடித்தட்டுல சங்கிலியோட கிடந்தவங்களும் இருந்தாங்க. மாலுமி இல்லை, சரக்கு. சுரினாமுக்கு விக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஒரே கப்பல்ல வந்தவங்களை 'சிப்பி'ன்னு கூப்பிட்டாங்க. கப்பலைக் குறிக்கிற 'ஷிப்'லேர்ந்து வந்தது. 'மாட்டி'ன்னும் சொன்னாங்க. இது ஆங்கில 'மேட்' இல்லைன்னா டச்சு 'மாட்', ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பிரேசில்ல அதுக்கு 'மலுங்கோ'. தாய் தகப்பன், அண்ணன் தம்பி எல்லாரையும் பிடுங்கின இடத்துல கப்பல்கூட்டாளிதான் ரத்த உறவு. அவன் பிள்ளை இவனுக்கும் பிள்ளை. ஜமைக்காவுல கப்பல்கூட்டாளிகளுக்குள்ள உடலுறவே முறைகேடுன்னு நினைச்சாங்க. தங்களைக் கடத்தினவங்க பேசின சொல்லையே எடுத்து, அந்த மாலுமிகளைவிடக் கெட்டியா கட்டி வச்சுக்கிட்டாங்க.

அதே சுரினாமுக்கு 1873 ஜூன் 5-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து லல்லா ரூக்குங்கிற கப்பல் வந்தது, ஒப்பந்தக் கூலிகளோட. ஒரே கப்பல்ல வந்தவன் அவங்களுக்கு 'ஜஹாஜி பாய்'. ஜஹாஜ்னா கப்பல். (இந்தப் பாய் அண்ணன் தம்பி, மேல சொன்ன பாய் வேற!) ஜாதி பார்த்து ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடாதவங்க, மாசக்கணக்கா ஒரே கப்பல் சமையலைச் சாப்பிட்டு வந்து இறங்கினவங்க. அந்த உறவைச் சொந்த உறவாவே வச்சு, ஜஹாஜி பாய் வீட்டுல பொண்ணெடுக்கவே தயங்கினாங்க. 'மாட்டி' மட்டும் இன்னும் கொஞ்சம் பரவிடுச்சு. சுரினாம்ல ஸ்ரானன் மொழி பேசுறவங்களுக்கு இன்னிக்கு 'மாட்டி'ன்னா நண்பன், எந்தக் கப்பலும் வேண்டாம்.