கீழ்வரி எங்கே போனது?

படத்தின் அடியில் வரும் எழுத்தை நாங்கள் பிரெஞ்சில் ‘சூ-தித்ர்’ என்போம். மொழி தெரியாத படத்தைப் பார்க்கிறவர்களுக்கும், என்னைப் போல் காது மந்தமாகி வருகிறவர்களுக்கும் வசனமே அதுதான். இரண்டு வரியில் கீழ்வரி திரைக்கு வெளியே போய்விட்டால் ஒருவர் கேட்ட கேள்வி தெரியும், மற்றவர் சொன்ன பதில் தெரியாது. டிஸ்க் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் டிஸ்கில் குறை இருக்காது. காரணம் பழைய பிக்சர் டியூப் காலத்தில் இருக்கிறது.

டியூப் டி.வி.யில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் கொஞ்சம் பெருக்கும், சிறுக்கும். உள்ளே பாகங்கள் பழசானாலும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கியவர் ஓரத்தில் கறுப்புப் பட்டையைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? அதனால் தயாரிப்பாளர்கள் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே விழச் செய்து, நாலு ஓரத்தையும் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். எவ்வளவு மறையும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆகவே ஒளிபரப்புக்காரர்கள் அகலத்திலும் உயரத்திலும் நடு 80 சதவீதத்துக்குள் எழுத்தை வைப்பது என்று வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆபீசில் டேக் கட்டுவதற்காகக் கோப்புத் தாளில் இடது ஓரம் விட்டு எழுதுவோமே, அதே கணக்கு.

சினிமா வேறு வழியில் போனது. 1953-ல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. டி.வி.யோ 4:3. அகலப் படத்தை முழுசாகக் காட்ட, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டார்கள். லேசர் டிஸ்க், டிவிடி வெளியிட்டவர்களில் பலர், கீழ்ப் பட்டை சும்மாதானே கிடக்கிறது என்று சப்டைட்டிலை அங்கே போட்டார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும், நடிகரின் முகத்திலும் விழாது. நல்ல யோசனைதான். ஆனால் 16:9 டி.வி. வந்ததும் அதே படம் நாலு பக்கமும் கறுப்போடு நடுவில் சிறுத்துக் கிடந்தது. ‘ஜூம்’ அழுத்தினால் திரை நிறையும், வசனம் போய்விடும்.

இன்றைய தட்டை டி.வி.க்கு ஓவர்ஸ்கேன் தேவையே இல்லை. திரையில் 1920-க்கு 1080 புள்ளி, வருகிற படத்திலும் அதே அளவு என்றால் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பழக்கதோஷம், ஓரத்தை வெட்டிக் காட்டும்படியே பல டி.வி.கள் வீட்டுக்கு வந்தன. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் மெனுவுக்குப் போங்கள். எல்.ஜி.யில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றுதான். கணினியை இணைத்தால் அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு ‘பிசி’ என்று பெயர் கொடுத்தாலே சில டி.வி.கள் வெட்டுவதை நிறுத்திவிடும். டிவிடி பிளேயரின் மெனுவிலும் டி.வி. வகை 16:9 என்று இருக்கிறதா பாருங்கள்.

பட்டைக்குள் எழுத்து பதிந்த பழைய டிஸ்குக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. ஜூமை எடுத்துவிட்டுச் சின்னப் படமாகவே பார்க்க வேண்டியதுதான். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.