களிம்பும் சாட்சியமும்: அருங்காட்சியகப் பாதுகாப்புத் துறையின் தலைமை குறித்து

1872ஆம் ஆண்டு பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களோடு அஜந்தாவுக்குச் சென்றார். குகைச் சுவரோவியங்களைப் படியெடுப்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. இடைவெளிகளுடன் 1885 வரை அது நீடித்தது. புகையும் தூசியும் படிந்து மங்கியிருந்த நிறங்கள் படியெடுப்போர் கண்ணுக்குத் துலங்கவேண்டும் என்பதற்காக ஓவியங்களின் மீது வார்னிஷ் பூசப்பட்டது. நீர் பட்ட கூழாங்கல்லைப்போல நிறங்கள் பளிச்சிட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு மஞ்சளித்தது. தூசியைப் பற்றிக்கொண்டு கறுத்தது. லண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகளில் பல 1885இல் சவுத் கென்சிங்டனில் நேர்ந்த தீயில் அழிந்தன. படிகள் எரிந்துபோயின; படிகளுக்காகப் பூசிய வார்னிஷ் மட்டும் சுவரில் நிலைத்தது. 1920–22இல் ஹைதராபாத் நிஜாம் அரசின் அழைப்பில் வந்த இத்தாலிய வல்லுநர் லோரென்சோ செக்கோனியும் அவருடைய துணைவர் ஒர்சினியும் உதிரும் காரையை ஒட்டி நிறுத்தினர். அது பெரும் தொண்டு. ஆனால் அவர்கள் பயன்படுத்திய ஷெல்லாக்கும் பின்னாளில் மஞ்சளித்தது. அதை நீக்குவது அடுத்த தலைமுறை வேதியியலாளர்களின் வேலையாயிற்று.

இவர்களில் எவரும் ஓவியத்துக்குக் கேடு நினைத்தவரல்லர். குறை வேறிடத்தில் இருந்தது. 'பூசலாமா, கூடாதா?' என்று கேட்கவும், 'பொறுங்கள், முதலில் சோதிப்போம்' என்று தடுக்கவும், செய்ததை எழுதிவைக்கவும் கடமைப்பட்ட பதவி எதுவும் கிரிஃபித்ஸின் காலத்துப் பம்பாயில் இல்லை. கலைப்பொருள் பாதுகாப்புத் துறையின் தலைமை என்பது அந்தப் பதவிதான். இந்திய அருங்காட்சியகங்களில் அது உருவான வரலாற்றை அறிய எழும்பூருக்குச் செல்லவேண்டும்.

1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்துக்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின் வழியாகச் செப்புத் திருமேனிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ஏர்முனையிலும் கடப்பாரையிலும் அகப்பட்டவை மாவட்ட ஆட்சியர் வழியாக எழும்பூரை அடைந்தன. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் ஓரளவு அமைதி கண்டிருந்த உலோகம், கடற்கரை நகரத்தின் உப்புக் காற்றில் மீண்டும் நோயுற்றது. வெளிர்பச்சைப் பொடி புள்ளிபுள்ளியாகப் பூத்தது. துடைத்தால் மறைந்தது, சில வாரங்களில் திரும்ப வந்தது.

அருங்காட்சியக மொழியில் இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர். மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்து செப்புக் குளோரைடாக உறைகிறது. ஈரமும் காற்றும் பட்டவுடன் அது பச்சைப் பொடியாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அமிலம் எஞ்சியிருக்கும் செம்பைத் தின்கிறது, புதிய குளோரைடு உருவாகிறது, சுழற்சி தொடர்கிறது. ஆணவ மலம் உயிரோடு கலந்திருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. மேலே துடைத்தால் போகாதது, உள்ளேயே உறைவது என்ற அந்தப் பட்டறிவு வேதியியலோடும் பொருந்துகிறது. ஆனால் எல்லாக் களிம்பும் நோயன்று. நெருங்கிப் படிந்த கரும்பச்சைப் படலம் உலோகத்துக்குக் கவசம். வெளிர்பச்சைப் பொடியே பகை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே பாதுகாப்பாளரின் முதற்கடமை.

அப்போது அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் சிலந்தி ஆய்வில் பெயர்பெற்ற எஃப். எச். கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை அப்பொறுப்பில் இருந்த அவர், டி. என். இராமச்சந்திரனுடன் இணைந்து 1932இல் தென்னிந்திய உலோகப் படிமங்களின் அட்டவணையை வெளியிட்டார். பட்டியலிடப்படும் படிமங்கள் பொடியாகிக்கொண்டிருக்கின்றன என்பதைக் கண்முன் கண்ட அந்த விலங்கியலாளர் வேதியியலின் துணையை நாடினார். 1930இல் அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் அதன் பொறுப்பை ஏற்றார்.

உலக வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இது தாமதமான முயற்சியன்று. பெர்லின் அருங்காட்சியகங்கள் 1888இல் பிரீட்ரிக் ராத்கெனின் ஆய்வகத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதல் உலகப்போருக்குப் பின்னரே அலெக்சாண்டர் ஸ்காட்டை அழைத்தது. ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் தொழில்நுட்ப ஆய்வுப் பிரிவு 1928இல் அமைந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகள் பின்னர் எழும்பூர் அந்த வரிசையில் சேர்ந்தது.

பரமசிவன் கையாண்ட முக்கிய முறை மின்பகுப்பு. நீர்த்த எரிசோடாக் கரைசலில் படிமத்தை எதிர்மின்வாயாக அமர்த்தி, இரும்பை நேர்மின்வாயாக்கி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படும். குளோரைடு கரைசலுக்குள் வெளியேறும். மேற்படிவு நெகிழ்ந்து கழலும். பின்னர் காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் துளியிட்டுப் பார்ப்பார்கள். வெண்மை கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். இந்தப் பொறுமையால் பொடியாகிப் போயிருக்கக்கூடிய படிமங்கள் காப்பாற்றப்பட்டன.

ஆயினும் இம்முறைக்கு ஒரு விலை உண்டு. அரிப்பு ஆழமாகச் சென்ற படிமங்களில் சிற்பி செதுக்கிய ஆடை மடிப்பும் அணிகலக் கோடும் உலோகத்தில் எஞ்சியிருப்பதில்லை. அவற்றின் வடிவம் அரிப்புப் படலத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். படலத்தைக் கழற்றினால் நோயோடு சிற்பியின் கைவண்ணமும் போய்விடும். எனவே எந்தப் படிமத்தைத் தொட்டிக்குள் இறக்குவது, எதை இறக்கவே கூடாது என்ற தீர்ப்பு கருவியின் கையில் இல்லை; துறைத்தலைவரின் கையில் இருக்கிறது.

பரமசிவனின் பெருமையைத் தீர்மானிப்பது மின்பகுப்புத் தொட்டி மட்டுமன்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். அறிஞர் உலகம் அவற்றின் அழகையும் காலத்தையும் விவாதித்தபோது பரமசிவன் வேறொரு கேள்வியை எழுப்பினார்: இவை எப்படித் தீட்டப்பட்டன? சுண்ணக் காரையின் அடுக்குகளையும் நிறமிகளையும் நுண்துகள் அளவில் பகுத்தாய்ந்து, ஈரச் சுண்ணத்தின் மேலேயே நிறம் இடப்பட்ட ஃப்ரெஸ்கோ முறை இது என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆய்வை ஃபாக் அருங்காட்சியகத்தின் தொழில்நுட்ப இதழில் 1937இல் வெளியிட்டார். அஜந்தாவின் செய்முறையையும் ஆராய்ந்து, அங்கே உலர்ந்த தளத்தின்மேல் பசை சேர்த்துத் தீட்டும் டெம்பரா முறை இருந்ததாகக் கண்டார்.

நடைமுறையில் இதன் பொருள் பெரிது. பசையால் நிற்கும் நிறமும் சுண்ணத்தோடு இறுகிய நிறமும் ஒரே கரைப்பானைத் தாங்கமாட்டா. எப்படித் தீட்டப்பட்டது என்று தெரியாமல் எப்படித் துடைப்பது என்று முடிவு செய்ய இயலாது. கிரிஃபித்ஸின் குழு வார்னிஷ் பூசியபோது கேட்கப்படாத கேள்வி இதுவே. அதைக் கேட்டு, சோதித்து, விடையைப் பிறர் மறுத்துப் பார்க்கும் வகையில் அச்சிட்டதன் மூலம் ஒரு பணியறையை ஆய்வுத் துறையாக உயர்த்தினார் பரமசிவன். பின்னாளில் தொல்லியல் துறை நாயக்கர் ஓவியப் படலத்தைத் தனியே பெயர்த்தெடுத்துக் காட்சிக்கு வைத்து, அடியிலிருந்த சோழர் ஓவியங்களை வெளிக்கொணர்ந்தது. ஒரு காலத்தை வெளிக்கொணர இன்னொரு காலத்தை அதன் இடத்திலிருந்து அகற்றவேண்டியிருந்தது. இத்தகைய முடிவுகளை நியாயப்படுத்தவோ கேள்வி கேட்கவோ இடமளிப்பது எழுதப்பட்ட ஆவணம் மட்டுமே.

துடைப்பது பற்றிய கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின் லண்டன் நீதிமன்றத்தில் புதிய கோணத்தில் எழுந்தது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் திருமேனி கள்ளச்சந்தை வழியாக லண்டனை அடைந்து, ஒரு கனடிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1982இல் பாதுகாப்புப் பணிக்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோதுதான் காவல்துறை அதைக் கைப்பற்றியது. அது பத்தூருக்கே உரியதா என்ற வழக்கில் இரா. நாகசாமியின் கலை வரலாற்றுச் சாட்சியத்தோடு, படிமத்தில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் விவாதிக்கப்பட்டன. 1988இல் தீர்ப்பு இந்தியத் தரப்புக்குச் சாதகமாக வந்தது, மேல்முறையீட்டிலும் நிலைத்தது, 1991இல் நடராசர் தமிழகம் திரும்பினார். அழுக்கு என்று ஒரு தலைமுறை கருதியதை அடுத்த தலைமுறை சாட்சியம் என்று கண்டது.

இதைக்கொண்டு 1930களின் மின்பகுப்பைப் பழிப்பது பொருந்தாது. குளோரைடை நீக்காவிட்டால் இன்று சாட்சியமும் இருந்திராது, சாட்சி சொல்லப் படிமமும் இருந்திராது. உணரவேண்டியது வேறு. பாதுகாப்பின் ஒவ்வொரு செயலும் ஓர் இழப்பைத் தடுக்க இன்னொரு சிறிய இழப்பை ஏற்கிறது. எந்த இழப்பு சிறியது என்பதை அந்தந்தக் காலத்து அறிவைக்கொண்டுதான் தீர்மானிக்க முடியும். நீக்கப்பட்டது எது, நீக்கும் முன் அது எப்படி இருந்தது, நீக்கியது ஏன் என்பவற்றைப் பதிவு செய்வது ஒன்றே பின்வருவோருக்குத் துறைத்தலைவர் தரக்கூடிய உறுதி.

கிரிஃபித்ஸ் புறப்பட்ட மும்பையில், 1922இல் திறக்கப்பட்டு இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கராலயா எனப்படும் அருங்காட்சியகம், 2008இல் தனக்கெனக் கலைப் பாதுகாப்பு மையத்தை நிறுவியது. கடலுக்கு மிக அருகில், நான்கு மாத மழைக்காற்றின் நடுவே, சிற்றோவியம் முதல் கற்சிற்பம்வரை காக்கவேண்டிய இடம் அது. அத்தகைய துறைக்குத் தலைமை தாங்குபவரின் நாளில் பெரும்பகுதி தூரிகையோடு கழிவதில்லை. ஓவியத்தின்மேல் விழும் ஒளி 50 லக்ஸைத் தாண்டாமல் பார்ப்பதும், பயணம் தாங்காத பொருளை வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்ப மறுப்பதும், திறப்பு விழா நாளுக்காக அவசரப்படுத்தும் நிர்வாகத்திடம் 'இன்னும் உலரவில்லை' என்று சொல்வதும் அவருடைய வேலை. அந்தச் சொல்லுக்கு நிறுவனத்தில் மதிப்பு இருக்கவேண்டுமானால், அவருடைய பதவி காட்சிக்கூடத்துக்கு ஏவல் செய்யும் பணியறையாக அன்றி, காப்பாட்சியருக்கு இணையான அறிவுப் பதவியாக அமையவேண்டும். எழும்பூரில் 1930இல் தொடங்கியது அந்த ஏற்பாடு. மாவட்ட அருங்காட்சியகங்களிலும் கோயில் படிமக் காப்பகங்களிலும் இன்று அப்பதவி எங்கெங்கே இருக்கிறது, எங்கெங்கே இல்லை என்பதைக் கணக்கெடுப்பது கலை வரலாற்று மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க ஆய்வு.