தருமபுரிப் பகுதியின் வறள்காடும் காவிரிச் சரணாலயங்களும்: எல்லைகளின் வரலாறு

முன்னுரை

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பெற்றன. முன்னதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். பின்னதன் பரப்பு ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். இவற்றின் எல்லைகளைத் தீர்மானித்ததில் விலங்குகளின் வாழிடத்தைப் போலவே பழைய நில வகைப்பாட்டிற்கும் பங்குண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நடுகற்கள் காட்டும் நிலம்

இப்பகுதி நடுகற்களுள் ஆநிரைப் பூசலில் மாண்டோர்க்கு எடுக்கப்பட்டவையும், புலியோடு பொருது மாய்ந்தோர்க்கு எடுக்கப்பட்டவையும் உள. மேய்ச்சல் நிலமும் விலங்கு உலவும் காடும் ஒன்றோடொன்று கலந்திருந்தமையை இவை உணர்த்துகின்றன.

தரிசும் காப்புக்காடும்

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. அலெக்சாண்டர் ரீடு, தாமஸ் மன்றோ ஆகியோர் இங்கு நிலத்தை அளந்து வரி விதித்தனர். வருவாய்க் கணக்கின் நோக்கில், உழப்படாத புதர்நிலம் ‘தரிசு’ ஆயிற்று. பின்னர், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுக்க வழிசெய்தது. அக்காலத்து அரசின் முதன்மை அக்கறை மரமும் விறகுமே.

சட்டத்தின் வழி

1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26அ பிரிவின்படி, காப்புக்காட்டைச் சரணாலயமாக அறிவிக்க மக்களின் உரிமைகளை மீண்டும் விசாரித்துத் தீர்க்கும் நீண்ட நடைமுறை தேவையில்லை. எனவே, பழைய காப்புக்காட்டு எல்லையே புதிய சரணாலய எல்லையாவது எளிதாயிற்று. இதனால் நாற்கொம்பு மான், சாம்பல் நிற மலை அணில், நீர்நாய் முதலியவற்றின் வாழிடம் காப்புப் பெற்றது. ஆனால், கம்பைநல்லூரைச் சூழ்ந்த சமவெளி போன்ற ஊர்ப்புறங்களின் தரிசும் புறம்போக்கும் இவ்வழிக்குள் வருவதில்லை.

இவ்விடைவெளியைத் தேவாங்கு தெளிவாக்குகிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் 11,806 எக்டேரில் அமைந்த கடவூர் தேவாங்குச் சரணாலயம் நாட்டில் அவ்விலங்கிற்கென அமைந்த முதலாவது சரணாலயமாகும். எனினும், தேவாங்கு காட்டில் மட்டுமன்றி, வேளாண் நிலங்களின் வேலிப்புதர்களிலும் வாழ்வது. சட்டம் அவ்விலங்கை வேட்டையாடுவதை எங்கும் தடுக்கிறது. ஆயினும் சரணாலயக் காப்பு, எல்லைக்கு வெளியிலுள்ள வேலிப்புதருக்கு இல்லை.

முடிவுரை

வருவாய்க் கணக்கு பயனற்றதெனக் குறித்த நிலம், உயிரினக் கணக்கில் பயனற்றதன்று. தருமபுரியின் வறள்நிலக் காப்பு முழுமை பெற, ‘தரிசு’ என்னும் சொல்லின் வரலாறும் மறுபரிசீலனைக்கு உட்படுதல் வேண்டும்.