விளக்கொளியில் விளையும் பயிர்

வெயில் எட்டிப் பாராத அறைக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் மேலும் செந்நீல நிறத்தில் எல்.இ.டி. விளக்குகள், அவற்றின் கீழே மண்ணில்லாமல் நீரிலேயே வளரும் கீரைகள். சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் இத்தகைய கூடங்களைக் கண்டு வந்தவர்கள், இஃது இந்த நூற்றாண்டின் புதுமை என்று வியந்து பேசுகின்றனர். வியப்பதில் பிழையில்லை. ஆனால், நேற்று முளைத்த எண்ணம் இது என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. எடிசன் தமது மின்விளக்கை உலகுக்குக் காட்டிய 1879-ஆம் ஆண்டுக்கு முன்பே, மின்னொளியில் செடியை வைத்துச் சோதித்த அறிஞர் இருந்தனர். அவர்கள் எழுப்பிய வினாக்கள் மூன்று. செடிக்குச் சூரியனே வேண்டுமா, ஏதேனும் ஓர் ஒளி போதுமா? செடிக்கு இரவு வேண்டுமா? விளக்குக்கு ஆகும் செலவைப் பயிர் திருப்பித் தருமா? முதல் இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. மூன்றாவது இன்னும் நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

முதல் வினாவுக்கு வித்திட்டவர் ஜான் இங்கென்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர். ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் குடும்பத்தாருக்கு 1768-இல் அம்மை குத்திப் புகழ் பெற்றவர் இவர். 1779-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு நாட்டுப்புற வீட்டில் தங்கி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழி விடுகின்றன, நிழலில் விடுவதில்லை. குமிழிகளை எழுப்புவது சூரியனின் வெப்பமா, ஒளியா என்று ஆராய்ந்து, ஒளியே என்று நிறுவினார். அந்தக் குமிழியில் இருந்ததே இன்று நாம் பிராணவாயு என்று சொல்லுவது. வெப்பம் வேறு, ஒளி வேறு என்று பிரித்துக் காட்டியதுதான் இவர் செய்த பெரும் பணி. ஒளிதான் காரணம் என்றால், அவ்வொளி வானிலிருந்துதான் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லையல்லவா?

அந்த வழியில் அடுத்த அடி எடுத்து வைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த தாவர நூல் அறிஞர் டி காண்டோல். அவர் தேர்ந்துகொண்ட செடி நம் தோட்டப்புறங்களில் காலை இடறும் தொட்டாற்சுருங்கி. பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்வது அதன் வழக்கம். டி காண்டோல் அதனை இரவெல்லாம் எண்ணெய் விளக்குகளின் ஒளியிலும் பகலெல்லாம் இருளிலும் வைத்தார். சில நாள்கள் தடுமாறிய செடி, பிறகு விளக்கையே கதிரவனாக ஏற்று, இரவில் விரிந்து பகலில் உறங்கத் தொடங்கியது. இதனை அவர் வெளியிட்டது 1806-இல். எண்ணெய் விளக்கு செடிக்கு உணவு சமைத்துக் கொடுக்கும் அளவுக்கு வலியுடையதன்று; ஆயினும் செடியின் நேரத்தையே மாற்றிவிட்டது. இந்த வேற்றுமையின் பொருள் விளங்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

மின்னொளியைச் செடியின் மேல் முதலில் பாய்ச்சியவர்களுள் பிரான்சு நாட்டு எர்வே மாங்கோன் ஒருவர். மின்வில் விளக்கின் ஒளியில் இளஞ்செடியின் இலைகள் பச்சை பிடிப்பதை 1861-இல் அவர் தெரிவித்தார். மின்வில் விளக்கு என்பது, இரண்டு கரித்துண்டுகளின் முனைகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளொளி எழுப்புவது. வீட்டுக்கு உதவாது, கலங்கரை விளக்கத்துக்கும் தெருவுக்கும் ஏற்றது.

இத்துறையின் தந்தை என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவர் ஸர் வில்லியம் சீமென்ஸ்தாம். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொறியியலாளர். தன்ப்ரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊருக்கு அருகில் இருந்த தமது இல்லத் தோட்டத்தில், 1880-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், 1,400 மெழுகுவத்திகளின் ஒளிக்கு ஈடான மின்வில் விளக்கு ஒன்றை நிறுவினார். கடுகு, காரட், அவரையினம், வெள்ளரி போன்று விரைவில் முளைக்கும் விதைகளைச் சட்டிகளில் இட்டு, நான்கு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டம் முழு இருளில். ஒன்று மின்னொளியில் மட்டும். ஒன்று பகலொளியில் மட்டும். நான்காவது பகலில் வெயிலும் இரவில் மின்னொளியும் பெற்றது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டத்தைத் தனியே வைக்கவேண்டும் என்று நாம் இன்று வகுப்பறையில் வலியுறுத்தும் முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அலமாரிக்குள் ஒரு சட்டிப் பயறும் சன்னலோரம் ஒரு சட்டிப் பயறும் வைத்து மாணவரைப் பார்க்கச் சொல்லுகிறோமே, அந்தப் பாடத்தின் மூத்த உருவம் இது.

இருளில் இருந்தவை வெளிறி மடிந்தன. மின்னொளியில் மட்டும் வளர்ந்தவை இளம்பச்சையாய் உயிர் தாங்கி நின்றன. பகலொளி பெற்றவை அவற்றினும் செழித்தன. இரண்டும் பெற்றவையே யாவற்றிலும் கரும்பச்சையாய் ஓங்கி வளர்ந்தன. 1880 மார்ச்சில் லண்டன் ராயல் சங்கத்தில் இதனை எடுத்துரைத்த சீமென்ஸ், மொட்டாக இருந்த துலிப் மலர்ச்சட்டியை மின்விளக்கின் எதிரே வைத்தார். அறிஞர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, சற்றேறக்குறைய நாற்பது நிமிடத்தில், மொட்டுகள் மலர்ந்தன. தாம் தொடங்கிய துறைக்கு ‘மின்தோட்டக்கலை’ என்று பொருள்படும் பெயரையும் அவரே சூட்டினார்.

சீமென்ஸ் கனவு மட்டும் கண்டவர் அல்லர், கணக்கும் பார்த்தவர். விளக்குக்கு மின்சாரம் தரும் எந்திரத்தின் வீண் வெப்பத்தைக் கண்ணாடிக் கொட்டகைகளைச் சூடேற்றப் பயன்படுத்தினார். பகலில் அதே மின்சாரத்தைக் கொண்டு தோட்டத்தில் நீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் செய்தார். எந்திரம் ஒரு வேளையும் சும்மா இருக்கலாகாது என்பது அவர் கொள்கை. இந்தப் பகுதியை இன்றைய விளம்பரக்காரர்கள் படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்!

அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று, செடிகளுக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் ஓய்வுக்கென்று ஓர் இரவு வேண்டியதில்லை என்பது. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஆயினும் எல்லாச் செடிக்கும் அது பொருந்தாது என்பது பின்னர் தெரிந்தது.

அதற்கிடையே வேறொரு தொல்லை தலைகாட்டியது. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் டெஹெரேன் என்னும் பேராசிரியர் செய்த சோதனைகளில், மூடியில்லாத மின்வில் ஒளி பட்ட இலைகள் கருகின. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள்தாம் அதற்குக் காரணம். கண்ணாடிக் கூண்டு ஒன்றை இடையே வைத்தால் தீங்கு பெரிதும் குறையும். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1891-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே உறுதி செய்தது. லெட்டூஸ் என்னும் சாலட் கீரை மின்னொளியில் விரைந்து முற்றுவதையும் அவர் கண்டார். அன்று முதல் இன்று வரை விளக்குப் பயிரின் தலைப்பிள்ளை லெட்டூஸ்தான். ஏன் நெல்லோ கோதுமையோ இல்லை என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

நிற்க. இரவைப் பற்றிய வினாவுக்கு விடை தந்தது ஒரு புகையிலைச் செடி. அமெரிக்காவில் ‘மேரிலாந்து மாமத்’ என்று பெயர் பெற்ற புகையிலை வகை, கோடையெல்லாம் ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. பூக்காவிட்டால் விதை ஏது? அதே செடியைக் குளிர்காலத்தில் கண்ணாடிக் கொட்டகையில் வளர்த்தால் குட்டையாய் நின்று பூத்துவிடும். வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் வெப்பம், ஈரம், எரு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிய பின்னர், எஞ்சியது பகலின் நீளம் ஒன்றே. 1918 ஜூலையில் வெளிச்சம் புகாத சிறு கொட்டில் ஒன்றைக் கட்டி, மாலை நான்கு மணிக்குச் செடிகளை உள்ளே வைத்துப் பூட்டி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தனர். கோடையின் நடுவிலேயே செடி பூத்தது! மாறாக, குளிர்காலத்தில் மங்கலான மின்குமிழ்களால் பகலை நீட்டியபோது பூக்க மறுத்தது. 1920-இல் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

1938-இல் ஹாம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தைச் செடியைக் கொண்டு இன்னும் ஒரு படி சென்றனர். செடி அளப்பது பகலை அன்று, இரவையே. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி காட்டினால் போதும்; அந்த இரவு செடியின் கணக்கில் சேராது; பூப்பும் நின்றுவிடும். டி காண்டோலின் எண்ணெய் விளக்கு தொட்டாற்சுருங்கியை ஆட்டி வைத்ததன் பொருள் இப்போது புரிகிறது. ஒளி செடிக்கு உணவு. அது மட்டுமன்று, கடிகாரமும்கூட. உணவுக்கு மிகுந்த ஒளி வேண்டும். கடிகாரத்துக்கு மங்கல் ஒளியே போதும்.

இதன் பயனைக் காண நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. கேமரன் மலைக்கு இரவில் சென்றவர்கள், சரிவுகளில் பிளாஸ்டிக் கொட்டகைகள் விளக்கேற்றி ஒளிர்வதைக் கண்டிருப்பார்கள். பெரும்பாலும் அவை செவ்வந்தித் தோட்டங்கள். செவ்வந்தி நீண்ட இரவில் மொட்டு விடும் இனம். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே ஆகையால், நட்ட செடி வளருமுன்பே மொட்டு விடத் தொடங்கிவிடும். காம்பு குட்டையாகிப் பூ விலை போகாது. எனவே முதல் சில வாரங்கள் இரவில் விளக்கேற்றிச் செடியை ஏமாற்றுகிறார்கள். காம்பு வேண்டிய அளவு நீண்டதும் விளக்கை அணைக்கிறார்கள், மொட்டு வருகிறது. இங்கே விளக்கு சூரியனுக்கு மாற்றாக வரவில்லை. இரவை வெட்டும் கத்திரியாக வருகிறது. செலவும் அதற்கேற்பக் குறைவு.

எந்த நிறத்து ஒளியைச் செடி விரும்புகிறது என்பது வேறொரு கிளை. 1882-இல் எங்கல்மான் என்னும் ஜெர்மானியர், முப்பட்டைக் கண்ணாடியால் ஒளியை ஏழு நிறமாகப் பிரித்து ஒரு பாசியிழையின் மேல் பாய்ச்சினார். பிராணவாயுவை நாடும் நுண்ணுயிர்கள் சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் மொய்த்தன. இலை பச்சையொளியைப் பயன்படுத்துவதே இல்லை என்று நம் மாணவர் பலர் எண்ணுவது இச்சோதனையின் பாதிக் கதையைக் கேட்டதால் வந்தது. 1972-இல் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து, சிவப்பே முதலிடம் பெற்றாலும் பச்சையும் வீணாவதில்லை என்று காட்டினார். இலை பச்சையொளியில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பெரும்பங்கை உட்கொள்ளவே செய்கிறது. பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனை ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் நலம்.

நிறத்தைத் தேர்ந்து கொடுக்கும் விளக்கு அக்காலத்தில் இல்லை. குமிழ் விளக்கு தான் உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒளியாக்கும், மற்றவை சூடு. 1938-இல் விற்பனைக்கு வந்த குழல்விளக்கு அதனினும் நன்று. ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிவிட்டு அமெரிக்கா சென்ற ஃபிரிட்ஸ் வெண்ட், 1949-இல் கலிஃபோர்னியாவில் ஒளி, வெப்பம், ஈரம் யாவும் மனிதன் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்தார். ஆனால் அது ஆராய்ச்சிக்கு, சந்தைக்கு அன்று.

எல்.இ.டி.யின் கதை 1962-இல் தொடங்குகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் சிறு விளக்கைச் செய்தார். அது பல ஆண்டுகள் வானொலிப் பெட்டியிலும் கணக்கிடும் கருவியிலும் புள்ளியாய் மின்னிக்கொண்டிருந்தது. விண்கலத்தில் பயிர் வளர்க்கும் வழி தேடிய விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தார், சிவப்பு எல்.இ.டி.யில் லெட்டூஸ் வளர்த்த செய்தியை 1991-இல் வெளியிட்டனர். அதில் ஒரு செய்தி சுவையானது. நீலத்துக்குக் குழல்விளக்கையே துணை கொண்டனர். ஏனெனில் வலிய நீல எல்.இ.டி. அன்று இல்லை. ஜப்பானின் தொகுஷிமாவில் நகாமுரா அதனை 1993-இல் அறிவித்தார். அவருக்கும் அகாசாகி, அமானோ ஆகியோருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அனைத்துலக விண்வெளி நிலையத்தில், எல்.இ.டி. ஒளியில் தாங்கள் வளர்த்த செந்நிற லெட்டூஸை வீரர்கள் பறித்து உண்டனர்.

இனி, மூன்றாவது வினா. இன்றைய நல்ல எல்.இ.டி. மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாக மாற்றுகிறது. உண்மையிலேயே பெரும் முன்னேற்றம். ஆனால் இலை அவ்வொளியில் நூற்றுக்குச் சில பங்கையே உடலாக்குகிறது. லெட்டூஸில் பெரும்பகுதி நீர்; தண்டு முதல் இலை வரை உண்ணலாம்; ஒரு மாதம் அல்லது சற்று மேலே போனால் அறுவடை. நெல்லுக்கோ மூன்று நான்கு மாதம் விளக்கெரித்து, பாதியை வைக்கோலாகத் தள்ளவேண்டும். எனவேதான் உள்ளறைக் கூடங்களில் கீரை உண்டு, சோறு இல்லை. உலகின் பசியை இவ்விளக்குகள் போக்கும் என்று எழுதுவோர் இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

2023-இல் அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2024-இல் பவரி நிறுவனம் மூடப்பட்டது. 2030-க்குள் தன் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிக்க 2019-இல் இலக்கு வகுத்த சிங்கப்பூர், 2025 நவம்பரில் அதனைக் கைவிட்டு, 2035-ஐ நோக்கி வேறு இலக்குகளை அறிவித்தது. நிலமில்லாத நாடு முயன்று பார்த்ததைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இடவேற்றுமை ஒன்று உண்டு. சீமென்ஸ் வாழ்ந்தது குளிர்நாடு. விளக்கும் எந்திரமும் தந்த சூடு அவர் கொட்டகைக்கு வரவாயிற்று. நம் நாட்டிலோ அதே சூட்டை வெளியேற்ற மேலும் மின்சாரம் எரிக்கவேண்டும். அதுவும், வெளியே வெயில் இலவசமாய்க் காய்ந்துகொண்டிருக்கும் வேளையில். கேமரன் மலைச் செவ்வந்தித் தோட்டக்காரர் பகலில் தம் விளக்குகளை அணைத்துத்தான் வைத்திருக்கிறார்.