இரு கடவுச்சீட்டும் ஒரு குடியுரிமையும்

தசரா விழாவைக் காண அயல்நாடுகளினின்றும் வரும் மக்களையும் பெயரரையும் வரவேற்கும் இல்லங்கள் நம் குடியிருப்பில் இன்று பலவாம். தந்தையிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும், அமெரிக்காவிற் பிறந்த பிள்ளையிடம் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டும், அதனுடன் ஓ.சி.ஐ. அட்டையும் இருத்தல் கூடும். "என் பேரன் இரண்டு நாட்டுக் குடிமகன்" என்று பாட்டியார் பெருமிதங் கொள்வதும் உண்டு. அன்பின் மொழியாகக் கொள்ளின் அது சரியே. சட்டத்தின் மொழியாகக் கொள்ளின் சரியன்று. காரணத்தை அறிய, நாம் வாழும் மைசூரின் வரலாற்றையே சிறிது திரும்பி நோக்குவோம்.

1947-க்கு முன்னர்ச் சென்னை மாகாணம் ஆங்கிலேயரின் நேராட்சியில் இருந்தது. மைசூரோ உடையார் மரபினர் ஆண்ட சமஸ்தானம். ஆகவே, சேலத்திலே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை எனப்பட்டார். மைசூர் சமஸ்தானத்துக் குடியோ பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர் எனப்பட்டார். ஒரே கிணற்றில் நீர் இறைத்த இரு குடும்பத்தார், கடல் கடக்கப் பாஸ்போர்ட் கோரிய அளவில் இருவேறு வகையினர் ஆயினர். பிழைப்புத் தேடி இந்நகர் வந்த நம் முன்னோர்க்கு இவ்வேற்றுமை புதிதன்று.

அவ்வேற்றுமையை நீக்கியது நம் அரசியலமைப்பு. குடியுரிமை பற்றிய அதன் விதிகள் 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்தன. சமஸ்தானத்தான், மாகாணத்தான் என்னும் பிரிவு மறைந்து, அனைவரும் ஒரே குடியுரிமை உடையவராயினர். தானே விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் ஆகார் என்று ஒன்பதாம் விதி உரைத்தது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அந்நெறியையே தொடர்ந்தது. பலவாய்க் கிடந்த மக்களை ஒன்றாக்கிய நாடு, குடியுரிமையும் ஒன்றே எனக் கொண்டதில் வியப்பில்லை.

குடியுரிமை இல்லாமை எத்துணைக் கொடிது என்பதனை இலங்கை மலையகத் தமிழர் அறிவர். 1948-இல் அந்நாடு இயற்றிய சட்டத்தால் அவருட் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னைக்கு விடப்பட்டது. அவ்வாறு வந்தவருட் சிலர் நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஒரு சீட்டு, ஒரு குடும்பத்தின் ஊழாயிற்று!

பாஸ்போர்ட் வழங்குவது நெடுங்காலம் அரசின் விருப்பமாகவே கருதப்பட்டது. 1967 ஏப்ரலில், சத்வந்த் சிங் வழக்கில், வெளிநாடு செல்லுதல் தனிமனித உரிமையின் பாற்பட்டது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2017 ஜனவரி 25 அன்று, அஞ்சல் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை என்னும் திட்டம் நாட்டில் முதன்முதலாக இரண்டு ஊர்களில் தொடங்கியது. ஒன்று குஜராத்தின் தாஹோத். மற்றொன்று நம் மைசூர்! 2018-இல் பாஸ்போர்ட் விண்ணப்பம் கைப்பேசிச் செயலியிலும் புகுந்தது.

இனி, இரு நாட்டுத் தொடர்புடைய குடும்பங்களுக்கென ஒரு செயலியை வடிவமைக்க, மென்பொருட்பணி புரியும் நம் இளைஞர் முற்படுவாராயின், மேற்கண்ட வரலாறே அவர்க்கு ஆசானாகும். 2006 முதல் வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை பாஸ்போர்ட் அன்று, வாக்குரிமை தருவதன்று, விளைநிலம் வாங்க உரிமை தருவதும் அன்று. ஆதலின் முதற்கண் "நீவிர் எந்நாட்டுக் குடிமகன்?" என்று அச்செயலி வினவுதல் வேண்டும். இலங்கையைப் போல இரட்டைக் குடியுரிமைக்கு வழியுள்ள நாட்டாருக்கு ஒரு வழி. இந்தியருக்கு வேறு வழி. நம்மவர் அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்ற பின், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதனை அது நினைவூட்ட வேண்டும். ஓ.சி.ஐ. பெற்ற பிள்ளைகள் 20 வயது வரை புதுப் பாஸ்போர்ட் பெறும்போதெல்லாம் அதன் படியை இணையத்திற் பதிவேற்றல் வேண்டும். 20 வயதுக்குப் பின் முதன்முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கையில் அட்டையையும் ஒருமுறை மாற்றிக்கொள்ளல் வேண்டும். அமெரிக்கக் குடிமகன் அந்நாட்டினுட் புகுங்கால் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டையே காட்டல் வேண்டும். எந்நாள், எவ்வாயில், எச்சீட்டு என்னும் மூன்றையும் முன்கூட்டியே சொல்லும் கருவியே பயனுடைய கருவி. அச்சீட்டுகளின் படிகள் பிறர் கைக்குச் செல்லாவண்ணம் காத்தலும் அதன் கடன்.

பாட்டியாரின் பெருமிதத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. பேரனின் குடியுரிமை ஒன்றேயாயினும் அவன் உறவு இரு நாட்டிலும் வேரூன்றியுள்ளது. அவ்வுறவைச் சட்டத்தின் குழப்பம் அறுத்துவிடாதபடி காப்பது நம் அனைவர் கடமையுமாகும்.